நிரந்தர விலாசம்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த அன்று வெள்ளிக்கிழமை. பின்னேர வெயில் இன்னும் இறங்கவில்லை. அரியாலையில், கடலேரிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி நாலுபேர் இருந்தோம். நான், என் மனைவி, எங்கள் பக்க அறையில் வாடகைக்கு இருந்த ஒரு தாய், அவருடைய மகள். இது நடந்து இரண்டு வருடமாகப் போகிறது. அன்று அந்த விறாந்தையில் நடந்ததை நான் இன்னும் முழுதாகக் கடந்து வரவில்லை.

ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் நெடுங்காலம் வேலைசெய்து ஓய்வுபெற்றவன் நான். பெறுபேறு வரும் நாள் எங்களுக்குத் தேர்த் திருவிழா மாதிரி. மாவட்டத்தில் முதலாமிடம் வந்த பிள்ளையின் வீட்டுக்குப் படப்பிடிப்பாளர் ஓடுவார். நடுவில் பிள்ளை, இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும், வாயில் கேக் துண்டு. 'சிறந்த மருத்துவராகி மக்களுக்குச் சேவை செய்வேன்' என்ற வசனத்தை எத்தனை பிள்ளைகளின் வாயில் வைத்துச் செம்மைப்படுத்தி அனுப்பியிருப்பேனோ தெரியாது. அந்தப் படத்துக்குள் வராத ஒரு பிள்ளையைக் கிட்ட இருந்து பார்த்தது அந்த முறைதான்.

அவர்கள் வன்னியில், முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். தகப்பன் கடற்தொழிலாளி. மகள் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் பிரிவு இருந்தது, ஆனால் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. வந்த ஒருவரும் மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகளை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்து, கூடவே தானும் வந்து ஓர் அறையெடுத்துத் தங்குவதென்று தாய் முடிவெடுத்தார். மகனைத் தகப்பனோடு ஊரில் விட்டுவிட்டு, இரண்டு பயணப் பையும் ஒரு காஸ் அடுப்புமாக எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

"ஏன் டொக்டருக்கே படிக்க வேணும்? வேறை படிப்பில்லையே?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

"எங்கடை ஊர் ஆசுப்பத்திரிக்கு டொக்டர்மார் வருவினம் அக்கா. வந்து, ஊருக்குப் போற பஸ் எத்தினை மணிக்கு எண்டுதான் முதல் கேப்பினம்" என்றார் அவர். "எங்கடை பிள்ளை எண்டால் பஸ் கேக்கமாட்டாள்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் பகிடிக்குச் சொன்னதல்ல என்பது எங்களுக்கு விளங்கியது.

வந்த புதிதில் ஒரேயொரு விஷயத்தில்தான் அவர் பிடிவாதமாக நின்றார். வாக்காளர் பதிவுக்கு விதானையார் வீடுவீடாக வந்தபோது, உங்களையும் இங்கே பதியட்டுமா என்று கேட்டார். எங்கள் ஊரில் கிராம அலுவலரை இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். அந்த அம்மா கதிரையிலிருந்து எழும்பியே விட்டார்.

"வேண்டாம் ஐயா! எங்கடை நிரந்தர விலாசம் முல்லைத்தீவுதான். அதை மாத்தேலாது. நாங்கள் இஞ்சை சும்மா வந்து நிக்கிறம்."

காணி விஷயமாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இடம்பெயர்ந்து திரும்பிய சனங்கள் காணிக்காகப் பதிவை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பது செய்தி மேசையில் இருந்த எவருக்கும் தெரிந்ததுதான். மேற்கொண்டு யோசிக்க அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

தகப்பன் ஊரிலிருந்து கருவாட்டைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டுவிடுவார். தாய் போய் இறக்கிக்கொண்டு வந்து ஒழுங்கை முழுக்க விற்பார். வாடகையும் ரியூசன் காசும் அதிலிருந்துதான். எங்கள் வீடு மரக்கறி வீடு. முதல் மாதம் என் மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமையிலை சாக்கை அவிழ்க்கமாட்டன். சத்தியமா!"

"நீர் அவிழ்க்காட்டிலும் சாக்குக்கு வெள்ளிக்கிழமை தெரியுமோ?" என்றாள் என் மனைவி.

இருவரும் நல்ல சிநேகிதமானது அதற்குப் பிறகுதான்.

மகள் அதிகம் கதைக்காத பிள்ளை. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் சைக்கிளில் ரியூசன். வந்து தேத்தண்ணி குடித்த கையோடு செய்கிற வேலை ஒன்று இருந்தது. அன்றைய இரசாயனவியல் கொப்பியை யன்னல் வெளிச்சத்தில் விரித்துவைத்து, ஒவ்வொரு பக்கமாகத் தொலைபேசியில் படமெடுத்து ஊருக்கு அனுப்புவாள். அங்கே அவளுடைய சிநேகிதி ஒருத்தி இருந்தாள். முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். தகப்பன் இல்லாத பிள்ளை. யாழ்ப்பாணம் வந்து படிக்க வழியில்லாமல் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டாள். அனுப்பிய படங்கள் போய்ச் சேர, அந்தப் பிள்ளை கடற்கரைக்குப் போய் ஒரு கவிழ்த்துவைத்த வள்ளத்தின்மேல் ஏறி நிற்பாளாம். அங்கேதான் சிக்னல்.

சில நாள் அறைக்குள்ளிருந்து சத்தமாகப் பாடம் கேட்கும். இவள் தொலைபேசியில் கேள்வி கேட்பாள். அந்தப் பக்கம், காற்றின் இரைச்சலுக்குள் மறுமொழி வரும். பிழைத்தால், "எடியே, நேற்றுத்தானே படம் அனுப்பினனான், பார்க்காமல் கிடந்து நித்திரை கொண்டனியோ?" என்று பேச்சு விழும். இப்படித்தான் இரண்டு வருடத்துக்குமேல் போனது. இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு, எங்கள் பக்க அறையிலிருந்து ஓர் ஆசிரியை படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

பெறுபேறு நாளுக்கு வருகிறேன்.

இணையத்தளம் திறக்க வெகுநேரம் மறுத்தது. கடைசியில் திறந்தது. மகள் வாசித்தாள். "ரெண்டு ஏ, ஒரு பி." தாய் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நல்லூர்க் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். என் மனைவி கற்கண்டுப் போத்தலை எடுக்க உள்ளே ஓடினாள். அந்த நேரம் தொலைபேசி அடித்தது. ஊர்ச் சிநேகிதி. ஒலிபெருக்கியில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது. காற்று இரைந்தது. வள்ளத்தின்மேல்தான் நின்றிருக்க வேண்டும்.

"ஒரு ஏ, ரெண்டு பியடி! நான் மாவட்டத்திலை ஆறாவது! ஆறாவதடி! நீ எத்தினையாவது?"

இவளும் சந்தோசத்தில் துள்ளினாள். "இன்னும் வடிவாப் பாக்கேல்லை. பேந்து எடுக்கிறன். முதல்லை போய் அம்மாட்டைச் சொல்லு" என்று வைத்தாள்.

தாய் உடனே கணக்குப் பார்த்தார். அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

"அவவுக்கு உன்னைவிடக் குறைய என்ன?"

"ஓம்."

"அவ ஆறாவது எண்டால் நீ அஞ்சுக்குள்ளை. என்ன அண்ணை, சரிதானே?"

மகள் திரையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை என் கையில் தந்தாள். மாவட்ட நிலை என்ற இடத்தில் மூன்று இலக்கத்தில் ஓர் எண் இருந்தது.

எட்டிப் பார்த்த தாய், "பிழையா அடிச்சுப் போட்டாங்களோ அண்ணை?" என்றார்.

"பிழையில்லை. இது யாழ்ப்பாண மாவட்டத்திலை."

"நாங்கள் யாழ்ப்பாணமில்லையே அண்ணை."

அதை அவர் சொன்னவிதம் இன்னும் காதில் நிற்கிறது. பஸ்ஸில் தவறான இடத்துக்குச் சிட்டை வெட்டிவிட்ட நடத்துநரிடம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். சொல்லித் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

அறைக்குள் போய் ஒரு பிளாஸ்ரிக் பையோடு வந்தார். வன்னிச் சனங்களின் வீடுகளில் இந்தப் பையைப் பார்த்திருக்கிறேன். எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதாக, தண்ணீர் புகாதபடி சுற்றி, கட்டில் காலடியில் வைத்திருப்பார்கள். அதை விறாந்தையில் இருந்து அவிழ்த்து, ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தார். தன் அடையாள அட்டை, மகளின் அடையாள அட்டை, பிறப்பத்தாட்சி, ஊர் விதானையாரின் வதிவிடக் கடிதம். எல்லாவற்றிலும் முல்லைத்தீவு.

"வருசாவருசம் போய்ப் புதுப்பிச்சுக்கொண்டு வந்தனான். ஒண்டையும் இஞ்சை மாத்தேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விதானையார் வந்த அன்று அவர் ஏன் கதிரையிலிருந்து எழும்பினார் என்பதும் விளங்கியது.

பல்கலைக்கழக இடங்களை மாவட்டவாரியாகத்தான் பிரிக்கிறார்கள், ஆனால் அதற்கு விலாசத்தைப் பார்ப்பதில்லை. பரீட்சைக்கு முந்தின வருடங்களில் பெரும்பகுதியை எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ, அதுதான் அந்தப் பிள்ளையின் மாவட்டம். இதை நான் அவருக்குச் சொன்னேன். செய்தியாக எத்தனையோ தரம் எழுதிய விஷயம்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடத்திலை ஒருத்தரும் சொல்லேல்லையே?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"நாங்கள் கேக்கேல்லை அக்கா. தெரிஞ்ச விசயத்தை என்னெண்டு கேக்கிறது?"

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "முகாமிலை கேட்டது நிரந்தர விலாசம். சோதனைச் சாவடியிலை கேட்டது நிரந்தர விலாசம். வீட்டுத்திட்டத்துக்கும் நிவாரணத்துக்கும் அதுதான். தறப்பாளுக்குக் கீழை இருக்கேக்கையும் வந்து அதைத்தான் எழுதிக்கொண்டு போனாங்கள். இப்ப எங்கை இருக்கிறாய் எண்டு எங்களை ஒருத்தரும் கேட்டதில்லை அண்ணை. இதுக்கு மட்டும் ஏன் அதைப் பாத்தவங்கள்?"



மகள் குனிந்து, விரித்துவைத்திருந்த ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் பைக்குள் வைத்தாள். "விடுங்கோ அம்மா. வெட்டுப்புள்ளி இன்னும் வரேல்லைத்தானே" என்றாள். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக் கிணற்றடிக்குப் போய்ச் சிநேகிதியுடன் கதைத்தாள். என்ன சொன்னாளோ தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

கற்கண்டுப் போத்தல் மேசையில் திறந்தபடியே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் மகள்தான் ஒரு கட்டியை எடுத்துத் தாயின் வாயில் வைத்தாள்.

அதற்குப் பிறகு வெட்டுப்புள்ளிக்கான காத்திருப்பு. பெறுபேறு வந்து, எந்த மாவட்டத்தில் எந்தப் புள்ளியோடு மருத்துவம் நிற்கிறது என்று அறிவிக்கப்படும்வரை மாதக்கணக்காகும். அந்த மாதங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு தனிப் பருவம். கோயிலிலும் கடையிலும் கலியாண வீட்டிலும் போன வருட வெட்டுப்புள்ளியைப் பற்றித்தான் கதை. தெரிவுக்குக் கணக்கெடுக்கும் அவளுடைய இசட் புள்ளி, போன வருடத்தின் யாழ்ப்பாண வெட்டுப்புள்ளியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் இறங்கினால் உள்ளே, ஏறினால் வெளியே. தாய் விரதம் பிடித்தார். கருவாட்டு வியாபாரம் பாதியாகக் குறைந்தது.

முன்வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அரச அலுவலகம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய பேரன் முந்தின வருடம் மருத்துவத்தைத் தவறவிட்டவன். அன்றிலிருந்து மாவட்டக் கோட்டா என்ற பேச்சை எடுத்தாலே மனிதருக்குக் கண் சிவக்கும்.

"உவையள் வன்னியிலை இருந்து சும்மா கையை வீசிக்கொண்டு போவினம். எங்கடை பிள்ளையள் விழுந்து விழுந்து படிச்சிட்டு வெளியிலை நிக்கவேணும். ஒரே பேப்பர்தானே எழுதினது? பேந்தென்ன மாவட்டம்?"

அவரோடு நான் வழக்கமாக வாதாடுவேன். ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம், நாடு முழுவதும் ஒரே திருத்தல். அதில் எவருடைய பிள்ளை என்பதும் எவரைத் தெரியும் என்பதும் எடுபடாது. அப்படி ஒரு பரீட்சை இல்லாவிட்டால் கருவாடு விற்கிற வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவ பீடத்தின் படலை எங்கே இருக்கிறதென்றே தெரிந்திருக்காது. ஆனால் பேப்பர் ஒன்றாக இருந்தாலும் அதை எழுதவந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த ஆசிரியர் ஒன்றல்ல. ஒருத்திக்கு ரியூசனுக்கு மூன்று இடம். மற்றவளுக்கு வள்ளத்தின்மேல் ஏறினால்தான் பாடம். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கத்தான் மாவட்டம். இதை நான் அன்றும் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

முன்வீட்டுக்காரருக்கு அவள் எந்த மாவட்டத்தில் நிற்கிறாள் என்பது தெரியாது. அவளை ஒழுங்கையில் கண்டால், "என்ன டொக்டர், உங்களுக்கென்ன கவலை? வன்னிக் கோட்டா இருக்கு. எனக்குப் பிரசர் ஒருக்கால் பாருமன்" என்று பகிடி விடுவார். அவள் சைக்கிளை நிறுத்தாமல் சிரித்துக்கொண்டே போவாள். ஒருநாள்கூட அவரைத் திருத்தவில்லை.

வெட்டுப்புள்ளி வந்த அன்று மழை. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு அது கொஞ்சம் ஏறியிருந்தது. அவள் வெளியே நின்றாள். தசமத்துக்குப் பின்னால் எங்கோ இருந்த வித்தியாசம். ஊர்ச் சிநேகிதி உள்ளே. அவளுக்கு யாழ்ப்பாண மருத்துவ பீடமே கிடைத்திருந்தது. இவளுக்குக் கிடைத்தது விவசாயம். விவசாய பீடம் வன்னிக்குள், கிளிநொச்சியில் இருக்கிறது.

நான் அதை மனதுக்குள் ஒரு செய்தியாக எழுதிப் பார்த்தேன். வன்னியில் பிறந்த ஒரு பிள்ளை படிப்புக்காக யாழ்ப்பாணம் வந்தாள். அதனால் வன்னிக்கே திருப்பி அனுப்பப்பட்டாள். வன்னியில் நின்றவள் யாழ்ப்பாணம் வருகிறாள். தலைப்பு மட்டும் வரவில்லை. எவரையும் குற்றம் சொல்ல முடியாத செய்திக்குத் தலைப்புப் போடுவது கஷ்டம்.

முன்வீட்டுக்காரர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு படலைவரை வந்தார்.

"அப்ப அவள் எங்கடை பிள்ளையளோடையே நிண்டு போட்டி போட்டவளே?"

"ஓம்."

"உது அநியாயம்" என்றார்.

"எது?" என்று கேட்டேன்.

கோட்டா இருப்பதா, அது இவளுக்குக் கிடைக்காமல் போனதா என்ற அர்த்தத்தில்தான் கேட்டேன். அவர் படலையைச் சாத்திவிட்டு மழைக்குள் போனார். அதற்குப் பிறகு கோட்டாவைப் பற்றி அவர் என்னிடம் கதைத்ததில்லை.

இரண்டாந்தரம் எழுதச் சொல்லி எல்லோரும் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், ரியூசனில் காசு வேண்டாம் என்றார்கள், என் மனைவி வாடகையைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றாள். தாய் ஊருக்குப் போய் இருந்து எழுதலாமா என்று என்னிடம் கேட்டார். படித்த பள்ளிக்கூடம்தான் கணக்கு, இனி எங்கே இருந்து எழுதினாலும் யாழ்ப்பாணம்தான் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

மகள்தான் முடிவைச் சொன்னாள். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா இஞ்சை வந்து நிக்கிறது எனக்காக, அங்கிள். தம்பிக்கு அவவின்ரை சமையல் மறந்துபோச்சாம். இன்னொருக்கா எழுதினால் வருமெண்டு ஆர் சொல்லுறது? இந்தமுறை எனக்கு முன்னாலை நிண்டவை எல்லாரும் என்னைவிட நல்லாத்தானே எழுதினவை."

"கோவமில்லையே பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஆரோடை?"

அவள் ஒரு சட்டையைப் பிழிந்து உதறினாள். நான் வாளியை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

அவர்கள் போகமுதல் தாய் என் மனைவியிடம் ஒன்று கேட்டார். "அக்கா, எங்கடை அறையை வேறை ஆருக்கும் குடுத்திடாதேங்கோ. ஊரிலையிருந்து வாற அந்தப் பிள்ளைக்கு விடுதி கிடைக்கச் சுணங்குமாம். தாய் மனுசிக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது."

ஊர்ச் சிநேகிதியை அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும் அவர்தான். மகள் ஏற்கெனவே கிளிநொச்சிக்குப் போயிருந்தாள். தன் மகளைக் கொண்டுவந்து விட்டதுபோலவே செய்தார். யன்னல் கொக்கி இறுகும், கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும். மழைக்கு இந்த மூலை ஒழுகும், புத்தகத்தை அந்தப் பக்கம் வை. காலை வெளிச்சம் இங்கேதான் விழும், மேசையை நகர்த்தாதே. அந்தப் பிள்ளை எல்லாவற்றுக்கும் "ஓம் மாமி, ஓம் மாமி" என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். கண்ணைத் தூக்கி அவரைப் பார்க்கவில்லை.

கடைசியில் அவர் அந்தப் பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தூக்கினார். "ஏன் குனிஞ்சுகொண்டு நிக்கிறாய்? நீ களவெடுத்தனியோ? நீ படிச்சு எடுத்தனி" என்றார். அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதாள். பெறுபேறு வந்த நாளிலிருந்து அடக்கிவைத்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

கொஞ்ச நாளில் ஒரு சிக்கல் வந்தது. மருத்துவ பீட முதலாம் வருடப் பிள்ளைகளுக்குப் படிக்க எலும்புகள் வேண்டும். உண்மையான மனித எலும்புகள். மேல் வகுப்புப் பிள்ளைகள் படித்துவிட்டுக் கொடுப்பார்கள். அவள் ஒரு காட்போட் பெட்டியில் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தாள். கூட்டப் போன என் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அலறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"விளக்கு வைக்கிற வீட்டிலை உதை வைச்சிருக்கேலாது! கருவாடு எண்டால் பரவாயில்லை!"

அந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் முற்றத்தில் நின்றாள். என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. அவள் முல்லைத்தீவுக்குத் தொலைபேசி எடுத்து மாமியிடம் சொன்னாள். மாமி என் மனைவியிடம் கொடுக்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் கதைத்தார்.

"அக்கா, அதுக்குப் பயப்பிடாதேங்கோ. திரும்பி வந்து காணி துப்புரவாக்கேக்கை எங்களுக்கு வராத எலும்பே? ஆற்றை எலும்பு எண்டும் தெரியாது. ஒரு பூ வைச்சுக் கும்பிட்டுட்டு, அங்காலை வெட்டினம். இது ஒரு பிள்ளை படிக்கிறதுக்கு வந்த எலும்பு அக்கா. அது நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கு."

என் மனைவி தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். முற்றத்துச் செம்பருத்தியில் ஒரு பூவைப் பிடுங்கி, பெட்டியின் மேல் வைத்து, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். பெட்டி கட்டிலுக்குக் கீழே போனது.

நான் சொல்லவந்த கடைசிச் சம்பவம் அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. எங்கள் பழைய பிள்ளை கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். விவசாய பீடத்துத் தோட்டத்தில் தாங்களே நட்ட கத்தரிக்காய் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தாள். வெயிலில் நின்று கறுத்திருந்தாள். உள்ளங்கை காய்த்திருந்தது. "மண்ணும் வாசிக்கப் பழகினால் நல்லாத்தான் இருக்கு, அங்கிள்" என்றாள். நான் அதை முழுதாக நம்பவுமில்லை, முழுதாகப் பொய்யென்று நினைக்கவுமில்லை.

பிறகு அவள் அறைக்குள் போனாள். சிநேகிதிக்கு அடுத்தநாள் எலும்புகளில் வாய்மொழிப் பரீட்சையாம். நான் விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். யன்னல் திறந்திருந்தது. கொக்கியைத் தூக்கித் திறக்கிற சத்தம் எனக்குப் பழக்கமானது.

"இது என்ன?"

"காறை எலும்பு."

"இடதோ வலதோ?"

"இடது."

"எடியே, வடிவாப் பார். இந்த முனை எங்காலை வரவேணும்? புத்தகத்திலை போட்டிருக்கு. வாசிக்காமல் கிடந்து நித்திரை கொண்டனியோ?"

நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். மருத்துவம் கிடைத்தவள் கட்டிலில் பயந்துபோய் இருந்தாள். கிடைக்காதவள் மேசையடியில், காலை வெளிச்சம் விழுகிற இடத்தில், மடியில் விரித்த புத்தகத்தோடு இருந்தாள். ஒரு கையில் யாரோ ஒருவருடைய காறை எலும்பு. மற்றக் கையால் தன் சட்டைக் கழுத்தை விலக்கி, தன்னுடைய காறை எலும்பைத் தோளிலிருந்து நெஞ்சுவரை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள். பக்கம் சரிதானா என்று தன் உடம்பிலேயே ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"வலது" என்றாள்.

சிநேகிதி எட்டி அவளுடைய மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. பிறகு, "அடுத்ததை எடு" என்று எங்கள் பழைய பிள்ளையின் குரல் கேட்டது.

இப்போதும் ஒவ்வொரு வருடமும் பெறுபேறு வருகிறது, நானும் முதலிடங்களின் படங்களைப் பார்க்கிறேன், அந்தப் பரீட்சை வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன்; ஆனால் அது யாரை உள்ளே எடுத்தது என்பதை வாசித்து முடித்ததும், தன் தோளிலேயே விரலை வைத்துச் சரி பார்த்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் இருந்த பிள்ளையை நினைக்காமல் என்னால் பத்திரிகையை மடிக்க முடிவதில்லை.